காலிஃபிளவர் ரகத்தை உங்கள் நிலத்திலேயே சோதித்துப் பார்ப்பது எப்படி

போன வருஷம் புரட்டாசி மழைக்கு நடுவில் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒரு காலிஃபிளவரைக் குழந்தையைப் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தான். இலையை நீக்கி எடை போட்டால் ஒன்றே முக்கால் கிலோ. "அக்கா, அடுத்த போகம் முழுக்க இந்த ரகம்தான். முடிவு பண்ணிட்டேன்" என்றான். நூறு செடி நட்டதில் இந்த மாதிரி எத்தனை வந்தது என்று கேட்டேன். எண்ணவில்லை. எத்தனை செடி கருகிப் போனது? அதையும் எண்ணவில்லை. மறுநாள் நானும் அவனுமாகப் போய் எண்ணினோம். அந்தப் பூ வெட்டிய வரிசையில் 60 குழி. வியாபாரி எடுக்கிற மாதிரி இருந்தது 31 பூ. மிச்சமெல்லாம் கருகல், பட்டன் அளவு பூ, வெறும் இலை.

எங்கள் நிலம் ஓசூருக்குத் தெற்கே, கெலமங்கலம் பக்கம். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் ஒரு விதைக் கம்பெனியின் சோதனைத் தோட்டத்தில் நோட்டு எழுதும் வேலை பார்த்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். அங்கே கற்றதில் பாதி நல்ல பழக்கம், பாதி எப்படிச் செய்யக் கூடாது என்பது. பாத்திக்குப் பத்துப் பூ எடை போட வேண்டும் என்றால், மேற்பார்வையாளர் நடந்துபோய் நல்லதாகப் பத்தைக் காட்டுவார். நானும் எழுதுவேன். அந்தப் பத்தின் சராசரிதான் பிறகு பாக்கெட் அட்டையில் வந்து உட்காரும். அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: இந்தச் சோதனையில் கிடைக்கும் எந்தக் கணக்கையும் நட்ட செடிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். அறுத்த பூக்களின் எண்ணிக்கையால் வகுத்தால் செத்த செடி கணக்கிலேயே வராது.

முதலில் பருவம்

காலிஃபிளவர் குளிருக்குப் பூக்கிற செடி. ஆனால் எந்த அளவு குளிர் என்பது ரகத்துக்கு ரகம் மாறும். முன்பருவ ரகங்கள் 20 முதல் 27 டிகிரி வெப்பத்திலேயே பூ வைத்துவிடும். நடுப்பருவ ரகங்களுக்கு 12 முதல் 20 டிகிரி வரை தேவை. ஸ்னோபால் வகை 10 முதல் 16 டிகிரி இருந்தால்தான் ஒழுங்காகப் பூ கட்டும். வெயிலைத் தாங்கும் ரகங்கள் இங்கேயே உருவானவை. 1822-இல் இங்கிலாந்திலிருந்து சகாரன்பூர் கம்பெனி பாக் தோட்டத்துக்கு வந்த விதை, வடநாட்டு விவசாயிகள் கையில் தலைமுறை தலைமுறையாகத் தேர்வு செய்யப்பட்டு நம் வெயிலுக்குப் பழகியது. பூசா மேக்னா, பூசா தீபாலி போன்ற பெயர்கள் அந்த வழியில் வந்தவை. பூசா ஸ்னோபால் கே-1 போன்றவை இமாச்சலக் குளிரில், கட்ரெய்னில் வளர்ந்த கூட்டம்.

ஸ்னோபாலை மாசியில் நட்டால் இலைமேல் இலையாக விட்டுக்கொண்டே போகும். பூ வந்தாலும் நடுவில் பச்சை இலை எட்டிப் பார்க்கும். முன்பருவ ரகத்தைக் கடுங்குளிரில் நட்டால், செடி வளர்வதற்கு முன்பே அவசரப்பட்டுப் பூ வைத்து எலுமிச்சம்பழ அளவில் நின்றுவிடும். இரண்டையும் ஒரே வயலில் நட்டு "இது நல்லது, அது மட்டம்" என்று சொன்னால் நீங்கள் சோதித்தது ரகத்தை அல்ல, மாதத்தை. அதனால் எந்த மாதத்தில் விற்கப் போகிறீர்களோ அந்த மாதத்துக்கு ஏற்ற ரகங்களை மட்டும் ஒன்றாக நிறுத்துங்கள். மழைக்கால நடவுக்கு ஒரு சோதனை, பனிக்கால நடவுக்கு வேறு சோதனை.

எத்தனை ரகம், எவ்வளவு இடம்

ஆறுக்கு மேல் வேண்டாம். ஐந்து புதுசு, ஒன்று நீங்கள் இப்போது போட்டுக்கொண்டிருக்கும் பழைய ரகம். அந்தப் பழையது இல்லாமல் சோதனையே இல்லை. அதைத்தான் உங்களுக்குத் தெரியும், மற்றதை எல்லாம் அதோடுதான் ஒப்பிடப் போகிறீர்கள். நோயையும் பார்ப்பதாக இருந்தால், ஐந்தில் ஒன்று உங்கள் ஊரில் கருகல் நோயை எளிதில் வாங்குவதற்குப் பேர்போன ரகமாக இருக்கட்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 45 செ.மீ. ஒரு பாத்தியில் நான்கு வரிசை, வரிசைக்குப் பத்துச் செடி, ஆக நாற்பது. ஒவ்வொரு ரகத்துக்கும் இப்படி மூன்று பாத்தி. ஆறு ரகத்துக்குப் பதினெட்டுப் பாத்தி, 720 செடி. இடம் கிட்டத்தட்ட ஐந்து சென்ட்தான். அதைச் சுற்றி ஓரத்துக்கு ஒரு வரிசை ஏதாவது ரகம் நட்டுவிடுங்கள். அது கணக்கில் வராது, வெயிலையும் ஆட்டையும் வாங்கிக்கொள்ளத்தான்.

மூன்று பாத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் போடக் கூடாது. வயலில் மேட்டுப் பக்கம், நடு, பள்ளம் என்று மூன்று பட்டையாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பட்டையிலும் ஆறு ரகமும் ஒரு முறை வர வேண்டும். எது எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யுங்கள். நாமாக வைத்தால், பிடித்த ரகத்தைக் கை தானாகவே வாய்க்காலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கும். நான் வைத்திருக்கிறேன்.

குச்சியில் ரகத்தின் பெயரை எழுதாதீர்கள். 1 முதல் 6 வரை எண் மட்டும். எந்த எண் எந்த ரகம் என்பது நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும். எடை போடும்போது பெயர் தெரியாமல் இருப்பது நல்லது. அப்புறம், வயலின் படத்தை நோட்டில் வரைந்து வையுங்கள். ஒரு வருஷம் பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் பதினெட்டுக் குச்சியையும் பிடுங்கி கில்லி ஆடிவிட்டார்கள். படம் இருந்ததால் பிழைத்தேன்.

நாற்று

எல்லா ரகத்தையும் ஒரே நாளில், ஒரே தென்னைநார்க் கழிவில், ஒரே மாதிரிக் குழித்தட்டில் விதையுங்கள். 98 குழித் தட்டு என்றால் ரகத்துக்கு இரண்டு தட்டு போதும். பத்து கிராம் பாக்கெட்டில் இதைவிடப் பல மடங்கு விதை இருக்கும், அதனால் நாலைந்து பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்வதுதான் சிக்கனம். பாக்கெட்டைக் கிழித்து எறியாதீர்கள். லாட் எண் (எந்தத் தொகுதி விதை என்று காட்டும் எண்), பரிசோதனை செய்த தேதி இருக்கும் பக்கத்தை நோட்டில் ஒட்டுங்கள்.

கருப்பு அழுகல் என்று புத்தகத்தில் சொல்லும் நோயை நாங்கள் கருகல் என்கிறோம், அது விதை வழியாகவே வரும். ரகம் நல்லதாக இருந்து, அந்த லாட் விதையில் மட்டும் நோய் ஒட்டி வந்திருந்தால், ரகத்தின் மேல் பழி விழும். ஒரு ரகம் மூன்று பட்டையிலும் நாற்றிலிருந்தே கருகினால், அதை உடனே ஒதுக்காமல் அடுத்த முறை வேறு லாட் வாங்கிப் பாருங்கள். விதைநேர்த்தி செய்வதானால் ஆறுக்கும் செய்யுங்கள், இல்லையென்றால் எதற்கும் வேண்டாம்.

25 முதல் 28 நாளில் நடலாம். நட்ட பத்தாம் நாள் எத்தனை பிழைத்தது என்று எண்ணி எழுதுங்கள். செத்த இடத்தில் வேறு நாற்று நட்டுப் போக்கிடம் நிரப்பினால் அந்தச் செடிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கல்லைப் போடுங்கள். அது பின்தங்கி வரும், அதனால் அதை அளக்க வேண்டாம். அந்தக் குழியைச் செத்ததாகவே கணக்கில் வையுங்கள்.

உரம், தண்ணீர், புழுவுக்கு அடிக்கும் மருந்து எல்லாம் பதினெட்டுப் பாத்திக்கும் ஒரே நாளில், ஒரே அளவில். போரான், மாலிப்டினம் விஷயத்தில் குறிப்பாக. போரான் குறைந்தால் பூவில் பழுப்புத் திட்டு விழும், தண்டு உள்ளே பொந்தாகிவிடும். மாலிப்டினம் குறைந்தால் இலைப்பரப்பு சுருங்கி நடு நரம்பு மட்டும் சாட்டைபோல் நீளும். இவை மண்ணின் குறை. நடவுக்கு முன்பே மண்ணில் சரிசெய்துவிட்டால், பிறகு தெரியும் பழுப்பை ரகத்தின் பேரில் எழுத வேண்டியிருக்காது. தழைச்சத்தை அள்ளிக் கொட்டினாலும் தண்டு பொந்தாகும் என்பதை நினைவில் வையுங்கள்.

செடியில் பார்க்க வேண்டியது

ஒவ்வொரு பாத்தியிலும் நடு இரண்டு வரிசையில், இரு முனைச் செடிகளை விட்டுவிட்டு, மீதி 16 செடிதான் நம்முடைய செடி. மூன்று பட்டைக்கும் சேர்த்து ரகத்துக்கு 48. இந்த 48-ஐ மட்டும் அளக்கிறோம், ஆனால் 48-ஐயும் அளக்கிறோம். நல்லதாகப் பொறுக்குவது கிடையாது.

நோட்டில் முதலில் இலையின் நிலை. நிமிர்ந்து நிற்கிறதா, படர்ந்து விழுகிறதா. நிமிர்ந்த ரகத்தைக் கொஞ்சம் நெருக்கி நடலாம், அடியில் காற்று ஓடும், அதனால் ஈரம் சீக்கிரம் காயும். படர்ந்த ரகத்தின் கீழ் இலை மண்ணைத் தொட்டுக்கொண்டே இருக்கும், மழை தெறிப்பில் கருகல் அங்கிருந்துதான் ஏறும். இலையின் எண்ணிக்கை, செடியின் அகலம் எல்லாம் பூ வைக்கும் சமயத்தில் ஒரு முறை எழுதினால் போதும். கம்பெனியில் பத்து நாளுக்கு ஒரு முறை எழுத வைத்தார்கள், யாரும் அதைத் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை.

இதில் நான் ரொம்ப நேரம் செலவழிப்பது உள்ளிலை பூவை மூடுகிறதா என்பதில். தானே மூடும் ரகத்தில் வெயில் படாமல் பூ பால் வெள்ளையாக நிற்கும். மூடாத ரகத்தில் நாம் போய் இலையைக் கட்டிவிட வேண்டும் அல்லது ஒடித்து மேலே போட வேண்டும். ஒரு ஏக்கரில் சுமார் 15,000 செடி. ஒவ்வொன்றுக்கும் குனிய வேண்டும். அந்த ஆள்கூலியை ரகத்தின் விலையோடு கூட்டிப் பாருங்கள், மலிவான விதை மலிவாக இருக்காது. ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. ரொம்ப இறுக்கி மூடும் ரகத்தில் மழைத் தண்ணீர் உள்ளே தங்கிப் பூ அழுகும், புழு உள்ளே ஒளிந்துகொள்ளும், மருந்து இறங்காது. மழைக்கால நடவுக்குப் பாதி மூடினால் போதும் என்பேன். வெயில் கால நடவுக்கு முழுக்க மூட வேண்டும்.

அடுத்தது நாள் கணக்கு. பாதிச் செடிகளில் இலையை விலக்கிப் பார்த்தால் கட்டைவிரல் நக அளவுக்குப் பூ தெரியும் நாளை எழுதுங்கள். பிறகு முதல் அறுப்பு, கடைசி அறுப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை நாள் என்பது முதல் அறுப்பு எப்போது என்பதைவிட முக்கியம். எட்டு நாளில் மூன்று வெட்டில் முடியும் ரகமும் உண்டு, இருபது நாள் இழுக்கும் ரகமும் உண்டு. வண்டி வைத்து மார்க்கெட்டுக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒன்றாக முற்றும் ரகம் வேண்டும். தினமும் சந்தையில் தானே உட்கார்ந்து விற்கிறவருக்கு இழுக்கிறதுதான் வசதி. எது நல்லது என்று நான் சொல்ல முடியாது, உங்கள் வியாபாரம்தான் சொல்லும்.

பூவில்

வெட்டியதும் அழுத்திப் பாருங்கள், கட்டி தெரியும். நிறம், வடிவம் இரண்டையும் எழுதுங்கள். கவிழ்த்த கிண்ணம் போல் நடு உயர்ந்திருந்தால் பனியும் மழையும் வழிந்துவிடும், தட்டையாக இருந்தால் தங்கும். மேலே ரவை தூவியது போல் பொரபொரவென்று இருந்தால் வெப்பம் ஏறியிருக்கிறது அல்லது வெட்டுவதற்குத் தாமதமாகிவிட்டது. எல்லா ரகமும் ஒரே வாரத்தில் ரவை விட்டிருந்தால் வெயிலின் வேலை. ஒன்று மட்டும் விட்டால் ரகத்தின் குணம்.

ரகத்துக்கு ஐந்து பூவை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து பாருங்கள். தண்டு பொந்தா, பூக்காம்பு குட்டையா நீளமா என்று தெரியும். காம்பு நீண்டிருந்தால் பூ பார்க்கப் பெரியதாக இருக்கும், எடை இருக்காது. எங்கள் பக்கத்துச் சரக்கு கொஞ்சம் பெங்களூருக்குப் போகிறது, கோபி மஞ்சூரி போடுகிறவர்கள் உதிர்த்தால் ஒரே அளவில் உதிரும் இறுக்கமான பூவைத்தான் கேட்பார்கள். இன்னும் மூன்று பூவை இலையோடு நிழலில் வைத்துவிட்டு மூன்றாம் நாள் பாருங்கள். சில ரகம் அன்றைக்கே மஞ்சளாகிவிடும்.

எடையை இலை நீக்கி ஒரு முறை, வியாபாரிக்குக் கொடுக்கிற மாதிரி இலையோடு ஒரு முறை எழுதுங்கள். ஒவ்வொரு பூவாக. மொத்தமாகச் சாக்கில் போட்டு எடை போட்டால் ஏற்ற இறக்கம் தெரியாது. இப்போது கணக்குக்காக ஒரு உதாரணம். முதல் ரகத்தில் 48 செடியில் 29 பூ விற்றது, சராசரி ஒரு கிலோ. ஆக 29 கிலோ. இரண்டாம் ரகத்தில் 44 பூ, சராசரி 750 கிராம். ஆக 33 கிலோ. ஏக்கருக்கு 15,000 செடி என்று பெருக்கினால் முதலாவது சுமார் 9 டன், 9,000 பூ. இரண்டாவது 10 டன்னுக்குச் சற்று மேல், 13,750 பூ. வியாபாரி பூவை எண்ணி வாங்குகிறவர் என்றால் இடைவெளி இன்னும் விரியும். தம்பி தூக்கிக்கொண்டு வந்தது முதல் ரகத்துப் பூ மாதிரி.

நோய்

நோய் எதிர்ப்பைப் பார்க்க வேண்டுமென்றால் நோய் வர வேண்டும். இது பலருக்குப் புரியாது. ஆறு ரகமும் பச்சையாக நின்றால் ஆறும் எதிர்ப்பு உள்ளவை என்று அர்த்தமில்லை, அந்த வருஷம் நோய் வரவில்லை என்றுதான் அர்த்தம். அதற்காகத்தான் கருகலுக்குப் பேர்போன ஒரு ரகத்தைச் சேர்க்கச் சொன்னேன். அது மூன்று பட்டையிலும் கருகி, பக்கத்தில் இருப்பது கருகாமல் நின்றால், அப்போது நம்பலாம். அதுவும் கருகவில்லையென்றால் நோட்டில் "நோய் பார்க்க முடியவில்லை" என்று எழுதி மூடிவிடுங்கள். பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் மருந்து அடிக்காமல் விடுங்கள், ஐந்து சென்ட்தானே. மனசு கேட்காது, தெரியும். புழுவுக்கு மட்டும் அடியுங்கள். வைரமுதுகுப் பூச்சியின் புழு இலையைச் சல்லடையாக்கினால் நோயையும் பார்க்க முடியாது.

கருகல் எப்படி இருக்கும் என்றால், இலை ஓரத்தில் ஆரம்பித்து உள்நோக்கிக் கூர்ந்து வரும் மஞ்சள், ஆங்கில 'வி' எழுத்தைப் போல. அதற்குள் நரம்பு கறுத்திருக்கும். தண்டைக் குறுக்கே வெட்டினால் கறுப்பு வளையம் தெரியும். ஓரம் மஞ்சளாகி நரம்பு கறுக்கவில்லையென்றால் அது உப்போ சாம்பல்சத்துக் குறைவோ, நோய்க் கணக்கில் சேர்க்காதீர்கள். அடிச்சாம்பல் நோய் இலையின் அடியில் வெள்ளை மாவு போல் பூக்கும், பனிக்காலத்தில் நாற்றிலேயே வரும். இலைப்புள்ளி நோயில் வளையத்துக்குள் வளையமாகப் பழுப்புப் புள்ளி. வேர்வீக்க நோய் இலையில் தெரியாது. மதியம் வாடி, சாயங்காலம் தேறும் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் இஞ்சிக் கிழங்கு போல் வீங்கியிருக்கும். புளிப்பு மண்ணில், மலைப்பகுதியில் அதிகம், மண்ணுக்குள் பல வருஷம் கிடக்கும்.

நட்ட 30, 45, 60-ஆம் நாளில் அதே 16 செடிக்கும் மதிப்பெண் போடுங்கள். ஒன்றுமே இல்லை என்றால் 0. ஓரிரு கீழ் இலையில் மட்டும் என்றால் 1. இலைகளில் கால் பங்கு வரை 2, பாதி வரை 3, பாதிக்கு மேல் 4. பூவே பாதித்துவிட்டால் அல்லது செடி செத்துவிட்டால் 5. மூன்று முறையும் ஒரே ஆள் போட வேண்டும். என் வீட்டுக்காரர் இரக்கக் குணம், அவர் போட்டால் எல்லாம் 1. பிறகு மதிப்பெண்களைக் கூட்டி, செடி எண்ணிக்கையை ஐந்தால் பெருக்கிய எண்ணால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். 16 செடியில் மொத்தம் 24 வந்தால், 24-ஐ 80-ஆல் வகுத்து நூறால் பெருக்க 30 சதவீதம். 30-ஆம் நாளில் இரண்டு ரகமும் 10 சதவீதமாக இருந்து 60-ஆம் நாளில் ஒன்று 20, இன்னொன்று 70 என்று போகலாம். ஒரு நாள் மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

பாக்கெட்டில் எச்.ஆர்., ஐ.ஆர். என்று போட்டிருப்பார்கள். முதலாவது உயர்ந்த எதிர்ப்பு, இரண்டாவது நடுத்தர எதிர்ப்பு. நடுத்தரம் என்றால் நோய் வரும், மெதுவாக வரும். உயர்ந்தது என்று போட்டாலும் கருகல் பாக்டீரியாவில் பல இனம் உண்டு, ஓர் ஊரில் நிற்கும் ரகம் இன்னோர் ஊரில் விழலாம். அதனால்தான் அட்டையைப் படித்துவிட்டும் ஐந்து சென்ட் நடச் சொல்கிறேன்.

கடைசியில் முடிவு எடுக்கும்போது சராசரியை மட்டும் வைத்து எடுக்காதீர்கள். மேடு, நடு, பள்ளம் மூன்றிலும் புது ரகம் பழையதை ஜெயித்ததா என்று பாருங்கள். மூன்றிலும் ஜெயித்தால் சரி. பள்ளத்தில் மட்டும் பெரிதாக ஜெயித்து மற்ற இரண்டிலும் தோற்றிருந்தால், ஜெயித்தது பள்ளத்து மண். ஒரே ரகத்தின் மூன்று பாத்திக்குள் இருக்கும் வித்தியாசம், இரண்டு ரகத்துக்கு நடுவில் இருப்பதைவிடப் பெரியதாக இருந்தால் இந்த முறை ஒன்றும் தெரியவில்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இரண்டு வருஷம் அப்படி ஆகியிருக்கிறது. ஜெயித்த ரகத்தையும் அடுத்த வருஷம் அதே பருவத்தில், கால் ஏக்கருக்கு மேல் போகாமல், பழையதுக்குப் பக்கத்தில் இன்னொரு முறை நடுங்கள்.

அறுப்பு முடிந்ததும் அடிக்கட்டையை எல்லாம் பிடுங்கி வேரைப் பாருங்கள், நோய்ப்பட்டதை வயலில் உழுது மடக்காமல் வெளியே கொண்டுபோய் எரியுங்கள். அந்த ஐந்து சென்ட்டில் அடுத்ததாகக் கோஸ், முள்ளங்கி, கடுகு வேண்டாம், எல்லாம் ஒரே குடும்பம். எங்கள் நிலத்தில் இப்போது அங்கே பீன்ஸ் நிற்கிறது. தம்பி இந்த ஆடிக்கு ஆறு பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறான். சீட்டுக் குலுக்க என் பையனைத்தான் கேட்டிருக்கிறான், போன தடவை குச்சி பிடுங்கியவன்.